மூன்றாம் டேங்கில் இருந்த பெட்டிகள்

போன மாதம் பெங்களூரிலிருந்து ஷில்பா போன் செய்தாள். நான் வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையத்தில் இப்போது என் இடத்தில் இருப்பவள் அவள்தான். நைட்ரஜன் டேங்குகளில் அளவு குறைந்தால் தானாகவே செல்போனுக்குத் தகவல் அனுப்பும் கருவியைப் பொருத்திவிட்டார்களாம். இனி யாரும் கோலை விட்டு அளக்க வேண்டியதில்லை. ஆனாலும் கொரோனா மாதிரி ஒன்று மறுபடி வந்தால் என்ன செய்வது என்று புதிதாக வந்தவர்கள் கேட்கிறார்களாம். "மேடம், ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க" என்றாள். அன்றைக்கே எழுதி அனுப்பிவிட்டேன். அந்தப் பக்கத்தில் இடம் கொள்ளாததை இங்கே எழுதுகிறேன்.

நான் தங்க வயலில் சாம்பியன் ரீஃப் என்கிற சுரங்கப் பகுதிக்காரி. அப்பா சுரங்கத்தில் மரத்தூண் முட்டுக் கொடுக்கிற வேலை பார்த்தவர். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்ததும் பெங்களூரில் உதவியாளர் வேலை கிடைத்தது. மாரிக்குப்பத்திலிருந்து கிளம்பும் காலை ரயிலில் ஏறினால் பங்காருபேட்டையில் கூட்டம் ஏறும், அதற்குள் ஜன்னலோரம் பிடித்து ஒரு தூக்கம் போட்டுவிடலாம். முப்பத்தெட்டு வருஷம் இப்படியே போனது. கடைசிப் பதினெட்டு வருஷம் செல் சேமிப்பு அறை என் பொறுப்பில் இருந்தது.

அந்த அறையில் இடுப்புயரத்துக்கு நான்கு டேங்குகள். உள்ளே திரவ நைட்ரஜன், மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரி. அதில் உயிருள்ள செல்களைச் சின்னக் குப்பிகளில் அடைத்து, குப்பிகளைப் பெட்டிகளில் வைத்து இறக்கிவிடுவோம். எத்தனை வருஷமானாலும் அவை அப்படியே தூங்கும். நைட்ரஜன் மட்டும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டே இருக்கும். வாரத்துக்கு இரண்டு தடவை அளந்து ஊற்ற வேண்டும்.

அளப்பதற்குக் கறுப்பு பிளாஸ்டிக் கோல் ஒன்று இருந்தது. மூடியைத் திறந்து, கோலை அடிவரை நேராக விட்டு, பத்து எண்ணி, வெளியே எடுத்து காற்றில் ஒருமுறை அசைக்க வேண்டும். திரவத்தில் நனைந்த பாகத்தில் வெள்ளையாகப் பனி பூக்கும். அது எங்கே முடிகிறதோ அதுதான் அளவு. புதிதாக வந்தவர்கள் பொறுமையில்லாமல் ஐந்து எண்ணுவதற்குள் எடுத்துவிடுவார்கள், கோடு மங்கலாக வரும். குத்துமதிப்பாக ஓர் எண்ணை எழுதிவிட்டுப் போவார்கள்.

அந்தக் குத்துமதிப்பு எங்கள் டாக்டர் நாகவேணியிடம் நடக்காது. சேமிப்பு அறைக்கும் விலங்குக்கூடத்துக்கும் அவர்தான் தலைமை. மைசூர்ப் பக்கத்துக்காரர். என்னிடம் தமிழ் பேசுவார், முக்கியமான கேள்வி என்றால் கன்னடத்துக்கு மாறிவிடுவார். எந்தத் தகவலைக் கொண்டுபோனாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: "வசந்தா அவரே, நீவு நோடிதிரா?" நீங்கள் பார்த்தீர்களா? இல்லை, இன்னார் சொன்னார் என்றால், பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்துவிடுவார். "வாங்க, போய்ப் பார்க்கலாம்." அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனால் அவர் கூட நடந்துபோகிற அந்த வராந்தா மிக நீளமாக இருக்கும்.

கௌதமியை எனக்கு ரயிலில்தான் தெரியும். எங்கள் ஊரிலேயே கோரமண்டல் பகுதியில், சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டுப் பெண். அவள் அப்பா சுரங்கம் மூடியபின் பெங்களூரில் ஓர் அடுக்குமாடியில் செக்யூரிட்டியாகப் போனவர். அவர்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போனதே அவள்தான் முதல். எங்கள் நிலையத்தில் பி.எச்டி.க்குச் சேர்ந்த முதல் வாரம், ரயிலில் என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்களும் அங்கதானா?" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் பெண்ணைவிட ஒரு வயது சின்னவள். ஆனாலும் அக்காதான்.

அவள் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி, சுரங்கத் தூசியால் நுரையீரல் கெட்டுப்போனவர்களின் இரத்தச் செல்கள் எப்படி மாறியிருக்கின்றன என்பது. அதற்கு வயதான சுரங்கத் தொழிலாளர்களிடம் போய், விஷயத்தைச் சொல்லி, கையெழுத்து வாங்கி, இரத்தம் எடுக்க வேண்டும். சில ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் கூடப் போனேன். நர்ஸ் ஊசியை எடுப்பதற்கு முன், நான்கு பக்கத் தாளையும் நிறுத்தி நிறுத்தித் தமிழில் படித்துக் காட்டுவாள். "எத்தினி பக்கம்மா இது?" என்று சலித்துக்கொண்ட பெரியவர்கள்கூடக் கடைசிவரை கேட்டார்கள். அதுவரை அவர்களைக் கேட்டுவிட்டு யாரும் எதையும் எடுத்ததில்லை என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். பன்னிரண்டு பேர் கொடுத்தார்கள். இரண்டு பெட்டிகள் சேர்ந்தன. மூன்றாம் டேங்கில் இறக்கினோம்.

அப்புறம்தான் கொரோனா வந்தது. முதல் ஊரடங்கை எப்படியோ சமாளித்தோம். இரண்டாவது அலையில் ரயில் மறுபடி நின்றபோது, யாராவது ஒருவர் நிலையத்திலேயே தங்க வேண்டும் என்றார்கள். நான் துணிமணியோடு விருந்தினர் அறைக்குப் போய்விட்டேன். என் வீட்டுக்காரர் ஊரில் தனியாக ரசம் வைக்கக் கற்றுக்கொண்டார்.

அந்தச் சமயத்தில் நைட்ரஜன் கொடுக்கும் கம்பெனிக்காரர் போன் செய்தார். எங்கும் ஆக்சிஜனுக்கு அலைகிறார்கள், இயந்திரங்களை அதற்குத் திருப்பிவிட்டோம், உங்களுக்குப் பாதிதான் தர முடியும் என்றார். அவரிடம் என்ன சண்டை போடுவது? பாதி நைட்ரஜனை வைத்துக்கொண்டு நான்கு டேங்குகளையும் காப்பாற்ற முடியாது. மூன்றாம் டேங்கை மூடிவிடுவது என்று முடிவாயிற்று. மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசர்களுக்கு மாற்றலாமே என்றால், அவையெல்லாம் கொரோனா பரிசோதனை மாதிரிகளால் நிரம்பியிருந்தன. எது இருக்க வேண்டும், எது போகலாம் என்று பேராசிரியர்கள் ஆன்லைனில் கூடிப் பேசி ஒரு பட்டியல் போட்டார்கள். அ என்றால் கட்டாயம் காக்க வேண்டும். ஆ என்றால் இடமிருந்தால் வைக்கலாம். இ என்றால் எடுத்துவிடலாம்.

காலை ஒன்பது மணிக்குப் பட்டியல் என் கைக்கு வந்தது. இ வரிசையில் முதலில் இருந்தது ஹனுமந்தாவின் பெட்டி. வடகர்நாடகத்தில் ஏதோ சின்ன கிராமத்திலிருந்து வந்த பையன், ஊரடங்குக்கு ஊருக்குப் போனவன் திரும்பவில்லை. பெட்டியை எடுத்து, கிருமி நீக்கும் இயந்திரத்தில் வைத்து அழித்து, பதிவேட்டில் எழுதினேன். அடுத்து யாரோ எப்போதோ படித்து முடித்துப்போன மூவருடைய பெட்டிகள். ஐந்தாவது, ஆறாவது வரியில் கௌதமியின் பெயர்.

கையுறையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பட்டியலில் இருப்பதைச் செய்வதுதான் என் வேலை. சத்தம் போடாமல் அந்த இரண்டு பெட்டிகளை நான்காம் டேங்கில் இறக்கிவிடவும் என்னால் முடியும், அறையில் நான் ஒருத்திதான். உண்மையைச் சொன்னால், ஐந்து நிமிஷம் அதையும் யோசித்தேன். ஆனால் அங்கே இறக்க வேண்டுமென்றால் அங்கிருந்து ஒன்றை எடுக்க வேண்டும். யாருடையதை? எழுந்து டாக்டர் நாகவேணிக்குப் போன் செய்தேன்.

"கௌதமி பெட்டி இ-யில் இருக்கு மேடம். அவங்க வேலை முடியல."

"அவங்க கைட் சொன்னார், மூணு மாசமா அவங்க மீட்டிங்குக்கு சரியா வரல, ஆர்வம் போயிடுச்சு போலன்னு. நீங்க அவங்களைக் கேட்டீங்களா?"

"இல்ல மேடம்."

"நானும் கேட்கல," என்றார். பிறகு, "கேளுங்க. அதுவரைக்கும் அந்த டேங்கைத் தொடாதீங்க" என்றார்.

கௌதமிக்கு மூன்று தடவை போன் போகவில்லை. நான்காவது தடவை அவளே கூப்பிட்டாள். வாசலில் நின்று பேசினாள் போல, பின்னால் குழந்தை அழுகிற சத்தம், யாரோ இருமுகிற சத்தம்.

"கௌதமி, உன் பெட்டிங்க ரெண்டும் எடுக்கற லிஸ்ட்ல கீதும்மா. உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா."

"மீட்டிங்ல சொன்னாங்களாமே."

"நான் எங்கக்கா கேட்டேன்? பாதியில கட் ஆயிடும். மறுபடி உள்ள வந்தா வேற எத்தையோ பேசிகினு இருப்பாங்க. சார், கேக்கல, திருப்பிச் சொல்லுங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது? ரெண்டு வாட்டி சொன்னேன். மூணாவது வாட்டி சொல்ல வெக்கமா இருந்திச்சு."

"சாருக்கு தனியா போன் பண்ணி சொல்லியிருக்கலாமே."

"இன்னான்னு சொல்றது? ரெண்டு ரூம்ல ஆறு பேரு கீறோம், வீட்டுக்குள்ள சிக்னல் இல்ல, காத்தாலருந்து மத்தியானம் வரைக்கும் டெஸ்ட் எடுக்கறவங்க கூட லைன் லைனா போறேன்னா? அவருக்கு அது சாக்கு மாரிதான் இருக்கும்."

அப்போதுதான் எனக்கு அந்த விஷயம் தெரியும். சுகாதாரப் பணியாளர்கள் மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதிக்க வந்தால் லைன் வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டார்களாம். கௌதமி கூட வந்தால்தான் திறந்தார்களாம். இரத்தம் கொடுத்த பெரியவர்களே மற்றவர்களிடம், "நம்ம பொண்ணு, பயப்படாதீங்க" என்று சொல்லி அனுப்பினார்களாம். ஆகவே தினமும் அவளைக் கூப்பிட்டுப் போனார்கள். பெங்களூரில் இருந்த மற்ற மாணவர்கள் அந்த மூன்று மாதத்தில் வீட்டில் உட்கார்ந்து கட்டுரை எழுதி முடித்திருந்தார்கள்.

"விட்டுடுங்கக்கா," என்றாள். "எடுக்கறதுன்னா எடுத்துடுங்க. இத்த முடிப்பேன்னு எனக்கே தோணல. இங்க ஒரு லேப்ல டெஸ்ட் பண்ண ஆள் எடுக்கறாங்க. போயிடலாம்னு பாக்கறேன்."

எனக்குத் தைரியம் சொல்லத் தெரியாது. சொல்லியிருந்தாலும் பொய்யாக இருந்திருக்கும். கையில் பட்டியல் இருந்தது, மேடம் கேட்கப் போகிற கேள்வியைக் கேட்டேன்.

"சரி. திருப்பி எடுக்க முடியுமா, அத்த மட்டும் சொல்லு. எழுதணும்."

"முடியாது. பன்னெண்டு பேர்ல நாலு பேரு போயிட்டாங்க. ரெண்டு பேரு இந்த மாசம்தான். டேவிட் தாத்தா போன வாரம்..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அழுகிறாளோ என்று நினைத்தேன். இல்லை.

"அக்கா, எடுத்துட்டீங்களா? இல்ல, இன்னும் உள்ள கீதா?"

"கீது."

"எடுக்காதீங்க."

"அத்த நான் சொல்லக் கூடாது. நீ சொல்லணும். மேடமுக்கு எழுதி அனுப்பு. நாளைக்குப் பதினோரு மணிக்குள்ள."

அவளிடம் லேப்டாப் இருந்தது, நெட் இல்லை. ஒரு நோட்டுத் தாளில் கையால் எழுதி, அதைப் போட்டோ எடுத்து, சயனைட் மேட்டின் மேல் ஏறினாள். சுரங்கத்திலிருந்து தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய மண் எங்கள் ஊரில் மலை மாதிரி குவிந்து கிடக்கிறது. அதன் உச்சியில்தான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். மறுநாள் காலை பத்தேகால் மணிக்கு அந்தப் போட்டோ வந்து சேர்ந்தது. தாளின் ஓரத்தில் அவள் கட்டைவிரலும் அந்தச் சாம்பல் மண்ணும் சேர்ந்தே விழுந்திருந்தன.

டாக்டர் நாகவேணி காரை ஓட்டிக்கொண்டு நேரில் வந்துவிட்டார். என் மேஜை முன் நின்றபடியே கடிதத்தைப் படித்தார். யாருடைய செல்கள், ஏன் திரும்பக் கிடைக்காது என்பதெல்லாம் தெளிவாக இருந்தது. கடைசிப் பத்தியை மட்டும் மூன்று தடவை அடித்து எழுதியிருந்தாள். மிஞ்சியது ஒரே வரி: என் வீட்டில் இணையம் இல்லை, அதனால் கூட்டத்தில் பேசியது எனக்குக் கேட்கவில்லை.

அதை அவர் இரண்டு தடவை படித்தார் என்று நினைக்கிறேன். பிறகு கேட்டார்: "ஹனுமந்தா பெட்டி?"

"நேத்து காலையிலயே எடுத்துட்டேன் மேடம். லிஸ்ட்ல முதல்ல இருந்தது."

"அவரைக் கேட்டீங்களா?"

"இல்ல."

என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "லிஸ்ட் போட்டது நாங்க" என்று மட்டும் சொன்னார்.

இத்தனை வருஷத்தில் என் மனதை விட்டுப் போகாதது அதுதான். கௌதமி என் ஊர்க்காரி, என் ரயில்காரி, அதனால் என் கை நின்றது. ஹனுமந்தாவின் ஊருக்கும் எனக்கும் நடுவில் ரயில் எதுவும் ஓடவில்லை. பின்னால் அவனைத் தேடிப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியாராகச் சேர்ந்திருந்தான். நன்றாகவே பேசினான், என் உடம்பைப் பற்றி விசாரித்தான். பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஷில்பாவுக்கு அனுப்பிய பக்கத்தில் முதல் வரி அவனுக்காக எழுதியதுதான்: எடுப்பதற்கு முன் அந்த ஆளைக் கூப்பிட்டுப் பேச வேண்டும், கிடைக்காவிட்டால் கிடைக்கும்வரை கூப்பிட வேண்டும்.

அன்று டாக்டர் நாகவேணி அங்கிருந்தே பேராசிரியர்களுக்குப் போன் போட்டுக் கடிதத்தைப் படித்துக் காட்டினார். கௌதமியின் வழிகாட்டி கெட்டவர் இல்லை. "என்கிட்ட ஏன் சொல்லல?" என்று அவர் கேட்டது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. "நாம கேட்கல சார்" என்றார் மேடம். பெட்டிகள் அ வரிசைக்கு மாறின. ஆனால் அவற்றை வைக்க இடம்?

"மத்த டேங்குகள்ல எவ்வளவு இடம் இருக்கு?"

"இல்லன்னு லிஸ்ட்ல..."

"நீவு நோடிதிரா?"

நான் எழுந்துவிட்டேன். அவரே கனமான நீலக் கையுறையையும் முகக் கவசத்தையும் மாட்டிக்கொண்டார். அன்று பூராவும் நாங்கள் இரண்டு பேரும் மூன்று டேங்குகளையும் பெட்டி பெட்டியாகப் பார்த்தோம். பெட்டியை வெளியே எடுத்தால் ஒரு நிமிஷத்துக்குள் திரும்ப இறக்கிவிட வேண்டும். நான் தூக்குவேன், அவர் எண்ணி எழுதுவார், நான் இறக்குவேன். பட்டியலில் ஒரு பெட்டி என்று இருக்கும், உள்ளே நான்கு குப்பிதான் கிடக்கும். பெயரே இல்லாத பெட்டிகள் இருந்தன. இரண்டு பாதிகளை ஒன்றாகச் சேர்த்துச் சேர்த்து, சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஒன்பது பெட்டிகளுக்கு இடம் கண்டுபிடித்துவிட்டோம்.

கௌதமியின் இரண்டாவது பெட்டியை மாற்றும்போது என் கை தவறியது. ஐம்பத்தெட்டு வயதில் காலையிலிருந்து குனிந்து நிமிர்ந்த கை. பெட்டி சாய்ந்து ஏழு குப்பிகள் தரையில் உருண்டன. ஐந்தை உடனே பிடித்து உள்ளே போட்டோம். இரண்டு அலமாரிக்கு அடியில் போய்விட்டன, எடுப்பதற்குள் உருகிவிட்டன. இரண்டும் ஒரே ஆளுடையவை, அவருக்கு வேறு குப்பி மிஞ்சவில்லை. பதிவேட்டில் நேரத்தையும் என் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் மேடமும் போட்டார். அவர் போட வேண்டிய அவசியமே இல்லை.

கௌதமியிடம் நானே சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி, "யாருதுக்கா?" எண்ணைச் சொன்னேன். "அப்பாடா," என்றாள். "அவரு நல்லா கீறாரு." அன்றே அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போய், உங்கள் இரத்தம் வீணாகிவிட்டது, இப்படித்தான் நடந்தது என்று ஒளிக்காமல் சொல்லியிருக்கிறாள். அவர், "கீழ வுழுந்துச்சுன்னு நேர்ல வந்து சொல்றியே! இந்தா, எடுத்துக்கோ" என்று கையை நீட்டிவிட்டாராம். ஊரடங்கு தளர்ந்தபின் எடுத்தார்கள். ஆய்வேட்டில் அந்த ஒருவருடைய மாதிரி மட்டும் பின்னால் எடுத்தது என்று ஓர் அடிக்குறிப்பு இருக்கும். அந்தக் குறிப்பு என்னால் வந்தது.

அவள் லேப் வேலைக்குப் போகவில்லை. மற்றவர்களைவிட இரண்டு வருஷம் கூடுதலாயிற்று. கால நீட்டிப்புக்கு எழுதும்போதெல்லாம் டாக்டர் நாகவேணி அவளை உட்கார வைத்து, வீட்டில் இணையம் இல்லை என்ற வரியை அடிக்காமல் எழுத வைத்தார். அதற்குள் நான் ஓய்வு பெற்றுவிட்டேன். போன வருஷம் அவளுடைய வாய்மொழித் தேர்வுக்கு, சீசன் பாஸ் இல்லாமல் முதல் தடவையாக டிக்கெட் வாங்கிக்கொண்டு அதே ரயிலில் போனேன். பின்வரிசையில் உட்கார்ந்தேன். வெளியூர்ப் பேராசிரியர்கள் கேட்டதில் பாதி எனக்குப் புரியவில்லை. அவள் ஒன்றுக்கும் தடுமாறவில்லை என்பது புரிந்தது.

டாக்டர் பட்டம் கிடைத்த பிறகு அவள் செய்த முதல் காரியம், கோரமண்டலில் சமூகக் கூடத்தைக் கேட்டு வாங்கி, இரத்தம் கொடுத்தவர்களையும் இறந்துபோனவர்களின் வீட்டாரையும் அழைத்தது. புத்தர் படத்துக்குக் கீழே ஒரு மேஜை போட்டு, தான் கண்டுபிடித்ததை எல்லாம் தமிழில் எட்டுப் பக்கமாக எழுதி வைத்துப் படித்தாள். தூசி போனபின்பும் செல்கள் அதை மறக்காமல் எப்படிச் சண்டை போட்டுக்கொண்டே இருக்கின்றன, அதனால்தான் மூச்சு வாங்குகிறது, இதை வைத்து டாக்டர்கள் இனி என்ன பார்க்க வேண்டும் என்றெல்லாம் சொன்னாள். டேவிட் தாத்தாவின் மனைவி முன்வரிசையில் கைக்குட்டையை மடித்துப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

நடுவில் ஒரு பெரியவர் கையைத் தூக்கினார். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றுகிற கேஜில் மணி அடிக்கிற வேலையில் இருந்தவர்.

"டாக்டரம்மா, அந்த புக்ல என் பேரு கீதா?"

"பேரு போடக் கூடாது தாத்தா. அது சட்டம். நம்பர்தான்."

"என் நம்பர் இன்னா?"

கௌதமி எழுந்துபோய், குனிந்து அவர் காதில் மட்டும் சொன்னாள். அவர் அதை ஒளித்து வைக்கிற ஆளில்லை.

"ஒம்போதாம்!" என்று கூடத்துக்கே கேட்கும்படி சொன்னார். "மைன்ல என் டோக்கன் நம்பர் நாலாயிரத்துக்கு மேல. இப்ப ஒம்போது. எவ்ளோ பெரிய ப்ரமோஷன் பாத்தீங்களா?"

கூடம் மொத்தமும் சிரித்தது. அந்த நுரையீரல்களை வைத்துக்கொண்டு சிரித்தால் இருமல் வராமல் இருக்குமா? ஒருவர் ஆரம்பிக்க, வரிசையாக எல்லோரும் இருமினார்கள். இருமிக்கொண்டே சிரித்தார்கள். கௌதமி அவசரப்படவில்லை. அவர்களுக்கு மூச்சு வரும்வரை கையில் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு ஆறாம் பக்கத்தைத் திருப்பிப் படிக்க ஆரம்பித்தாள்.